விற்பனைக்கு வைத்திருக்கும் வேன் நிலைச்சொத்து இல்லையா?

கேள்வி:
கணக்குப்பதிவியல் இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். வண்டி, இயந்திரம், கட்டடம் என்றாலே நிலைச்சொத்து என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஒரு பயிற்சிக் கணக்கில், வண்டி விற்கும் நிறுவனத்திடம் இருந்த 10 வேன்களை அப்படியே நிலைச்சொத்தில் எழுதினேன். தவறு என்று சுழித்துவிட்டார்கள். பல வருடம் ஓடக்கூடிய வண்டி எப்படி நடப்புச் சொத்தாகும், அதாவது சீக்கிரம் பணமாகும் சொத்தாகும்? இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

பதில் 1:
எத்தனை வருடம் ஓடும் என்பதை விடுங்கள், எதற்காக வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். விற்க வாங்கியது சரக்கிருப்பு, அதனால் நடப்புச் சொத்து. அவர்களே ஓட்டிப் பயன்படுத்த 11வதாக ஒரு வேன் வைத்திருந்தால் அது மட்டும்தான் நிலைச்சொத்து.

பதில் 2:
30 வருடமாகப் பேரேடு எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்த 11வது வேனின் அடக்கவிலை 6,00,000 என்று வையுங்கள். 5 வருடம் ஓட்டுவார்கள், கடைசியில் 1,00,000க்கு விற்கலாம். மீதி 5,00,000 அந்த 5 வருடத்துக்கும் பங்காகும். ஒவ்வொரு ஆண்டுக்கும் சமமாகப் பிரிக்கும் நேர்கோட்டு முறையில் ஆண்டுக்கு 1,00,000 செலவாக எழுதுவோம், அதுதான் தேய்மானம். இரண்டு ஆண்டு முடிவில் ஏட்டு மதிப்பு, அதாவது அடக்கவிலையில் தேய்மானம் போக மீதி, 4,00,000. சந்தையில் அது என்ன விலைக்குப் போகும் என்பது வேறு விஷயம். விற்பனைக்கு நிற்கும் 10 வேன்களுக்குத் தேய்மானமே கிடையாது.

கேட்டவர்:
இப்போது புரிகிறது, நன்றி. அந்த ஆண்டுக்கு 1,00,000 பணமாக எங்காவது ஒதுக்கி வைக்கப்படுகிறதா?

பதில் 2:
இல்லை. பணம் வேன் வாங்கியபோதே கைமாறிவிட்டது. தேய்மானக் கணக்கில் பற்று, இதுவரை எழுதிய தேய்மானத்தைக் கூட்டிவைக்கும் திரண்ட தேய்மானக் கணக்கில் வரவு, அவ்வளவுதான். ரொக்கக் கணக்கைத் தொடவே மாட்டோம். தேய்மானம் எழுதி வந்தோமே, புது வண்டிக்குப் பணம் சேர்ந்திருக்கும் என்று நம்பியிருந்த முதலாளி ஒருவரிடம் பணிபுரிந்திருக்கிறேன். அன்று அவர் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பதில் 1:
இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே 11வது வேனை ஓட்டியது போதும், விற்றுவிடலாம் என்று உறுதியாக முடிவெடுத்து, ஓராண்டுக்குள் விற்கும் நிலையில் ஆள் தேடத் தொடங்கினால், ஐ.எஃப்.ஆர்.எஸ். 5 என்ற சர்வதேச நிதி அறிக்கைத் தரப்படி அது ‘விற்பனைக்கு வைத்திருக்கும் சொத்து’ என்று இருப்புநிலைக் குறிப்பில் தனித் தலைப்புக்குப் போகும். அன்றிலிருந்து தேய்மானமும் நின்றுவிடும்.