புதுப்பிப்பு: சூடானதும் அணைந்துபோன 1971 எம்ஜிபி, காரணம் கண்டென்சர்

வீட்டு கராஜில் நான் மீட்டெடுத்துவரும் 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் (பழைய பிரிட்டிஷ் திறந்த கார்) காலையில் அருமையாக ஸ்டார்ட் ஆகிறது, இருபது நிமிடம் ஓடியதும் அணைந்துவிடுகிறது, ஆறினால்தான் திரும்ப உயிர் வருகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வண்டி இப்போது ஓடுகிறது.

பலரும் பெட்ரோல் பக்கம்தான் சந்தேகப்பட்டீர்கள். நானும் அதை நம்பி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்தேன், பலன் இல்லை. அப்புறம், "அணைந்த அந்த நிமிடமே ஸ்பார்க்கைப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியதைச் செய்தேன். பிளக்கில் மெலிந்த மஞ்சள் பொறி. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், உள்ளே தொட்டு விலகி மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயிண்டின் ஒரு முகத்தில் குழி, எதிர் முகத்தில் கடுகளவு மேடு. பாயிண்ட் விலகும்போது அங்கே பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர், சூடேறியதும் கைவிட்டிருக்கிறது. புது கண்டென்சர், புது பாயிண்ட், அதன் இடைவெளி 0.38 மி.மீ. அவ்வளவுதான். அந்த நண்பருக்குத் தனியாக ஒரு நன்றி.

எதிர்பாராத ஒன்றும் வந்தது. மறுநாள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வண்டி திக்கியது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் பொருத்திய தட்டை டிஸ்ட்ரிபியூட்டரின் உடலோடு இணைக்கும் சின்ன எர்த் ஒயர்தான் காரணம். துணி உறை முழுசாக இருந்தது. விரலால் வளைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே இழைகள் அறுந்திருப்பது தெரிந்தது. இன்ஜினின் உறிஞ்சு விசை (வாக்குவம்) அந்தத் தட்டைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் ஒயர் வளைகிறது அல்லவா. கண்டென்சர் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுங்கள்.

நேற்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினேன். ஒருமுறைகூட அணையவில்லை.