ஜீவனாம்ச பாக்கி 8 லட்சம்: பேசி வாங்குவதா, இ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனு) போடுவதா?

காட்பாடி தம்பி: அக்காவுக்கு 2022-இல் பரஸ்பர சம்மத விவாகரத்து ஆனது. 12 லட்சம், மூன்று தவணை என்ற ஒப்பந்தம் தீர்ப்பிலேயே ஏறியிருக்கிறது. 4 லட்சம் டி.டி.யாக வந்தது, அதோடு சரி. 2023-இல் தரவேண்டிய இரண்டு தவணையும் வரவில்லை. ஷூ கம்பெனி வேலை போய்விட்டது என்கிறார் முன்னாள் கணவர். என்ன செய்யலாம்?

ஆம்பூர் வாசி: ஆர்டர் குறைந்தால் இங்கே ஆட்களை நிறுத்துவது நிஜம் தம்பி, எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். கோர்ட்டுக்குப் போனால் வாய்தா, வக்கீல் ஃபீஸ். பெரியவர்களை வைத்து மாதம் பத்தாயிரம் என்று பேசி முடியுங்கள்.

வேலப்பாடி அக்கா: பெரியவர்கள் பேசித்தானே தவணையே போட்டார்கள்? நானும் இப்படி இரண்டு வருடம் காத்திருந்தேன். கடைசியில் போனையே எடுக்கவில்லை. தீர்ப்பில் ஏறிய பணத்துக்குக் கெஞ்ச வேண்டாம் தம்பி. இந்து திருமணச் சட்டம் 28ஏ பிரிவின்படி சிவில் தீர்ப்பு மாதிரியே அதை நிறைவேற்றலாம். தீர்ப்பு தந்த கோர்ட்டிலேயே இ.பி. போடுங்கள். 12 வருடம் வரை அவகாசம் உண்டு.

திருவலம் வாசகர்: கோர்ட் அவமதிப்பு வழக்கு போட்டால் பயந்து கட்டிவிடுவாரே?

வேலப்பாடி அக்கா: அதற்கு ஒரு வருடம்தான் கெடு. 2023 தவணைக்கு அது தாண்டிவிட்டது.

ஆம்பூர் வாசி: வேலை இல்லாதவரிடம் எதை ஜப்தி செய்வீர்கள் அக்கா? ஜெயிலில் போட்டால் பணம் வந்துவிடுமா?

வேலப்பாடி அக்கா: நிஜமாகவே இல்லாதவரை ஜெயிலில் போடச் சட்டம் சொல்லவில்லை. வசதி இருந்தும் கட்டாதவருக்குத்தான் சிவில் சிறை, அதுவும் மூன்று மாதம் வரை. வெளியே வந்தாலும் கடன் அப்படியே நிற்கும். வேலை போனதா, மனை கினை இருக்கிறதா என்பதை அவரே பிரமாணப் பத்திரத்தில் சொல்லட்டும். கோர்ட்டில் அதைக் கேட்டு வாங்கலாம். வேறு கம்பெனியில் சேர்ந்திருந்தால் சம்பள ஜப்தி. சாதாரணக் கடன் என்றால் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தொட முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு. தீர்ப்பில் ஜீவனாம்சம் என்ற வார்த்தை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆம்பூர் வாசி: சரி, ஒருவேளை கையில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தால்? அப்போதும் பேசித்தானே ஆகவேண்டும்?

வேலப்பாடி அக்கா: பேசுங்கள், ஆனால் இ.பி. நிலுவையில் இருக்கும்போது பேசுங்கள். வெளியே கொடுத்ததையும் புதுத் தவணையையும் கோர்ட்டில் பதிவு செய்யாவிட்டால் இ.பி.யில் அது செல்லாது. அவருக்கும் அதுதான் நல்லது, கட்டிய பணத்துக்குக் கணக்கு இருக்கும்.

காட்பாடி தம்பி: தீர்ப்பில் 'நிரந்தர ஜீவனாம்சம்' என்றே இருக்கிறது அக்கா. திங்கட்கிழமை சத்துவாச்சாரி கோர்ட்டில் சான்றிட்ட நகலுக்கு மனு போடுகிறேன்.