பாகற்கொடிக்குத் தேனீ வரவழைக்க எந்தப் பூங்கொடி வைக்கலாம்?

மீனா_தோபாயோ:
வணக்கம். சிங்கப்பூர் தோ பாயோவில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு, ஒன்பதாவது மாடி. காரிடார் தொட்டியில் பாகல் வைத்திருக்கிறேன். கொடி நன்றாகப் படர்கிறது, மஞ்சள் பூவும் நிறைய. ஆனால் பிஞ்சு விரல்நுனி அளவிலேயே பழுத்து உதிர்கிறது. தேனீ கண்ணில் படுவதே இல்லை. பக்கத்தில் ஒரு பூங்கொடி வைத்தால் வருமா? சங்குப்பூவா, ரங்கூன் மல்லியா? வெயில் காலையில் பதினொரு மணி வரை விழும்.

கொடிப்பந்தல்_ஈசூன்:
மீனா, சங்குப்பூ வையுங்கள் அம்மா. ரங்கூன் மல்லி மாலையில் வெள்ளையாக விரிந்து, அப்புறம் இளஞ்சிவப்பாகி, கடைசியில் சிவக்கும். அழகுதான், ஆனால் இரவில் வரும் அந்துப்பூச்சிகளை நம்பிப் பூப்பது அது. உங்கள் பாகற்பூவோ காலையில் விரிவது. அதோடு ரங்கூன் மல்லியின் தண்டு கட்டையாகத் தடித்துவிடும், தொட்டிக்குள் அடங்காது.

சங்குப்பூவிலும் ஒற்றை இதழ் விதையாகக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பூவின் அமைப்பே வண்டுக்காக ஏற்பட்டது. பெரிய இதழ் கீழ்ப்பக்கமாக விரிந்திருக்கும். கருவண்டு, அதாவது பெரிய கருப்புத் தேனீ, அதில் இறங்கித் தலையை உள்ளே நுழைக்கும்போது, மேலே இருக்கும் மகரந்தம் அதன் முதுகில் அப்பிக்கொள்ளும். அடுக்குப் பூவில் இதழ்கள் நெருங்கி வழியை அடைத்துவிடுகின்றன. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

விதைத் தோல் கடினமானது, இரவு முழுக்க ஊறவைத்து ஊன்றுங்கள். அவரைக் குடும்பத்துச் செடி, வேரே தழைச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். உரத்தை அள்ளிப்போட்டால் இலைதான் மண்டும். வெயில் கிடைத்தால் 6 முதல் 8 வாரத்தில் பூ பார்க்கலாம்.

அதுவரை காத்திருக்காதீர்கள். அடியில் குட்டிப் பாகற்காய் போல வீங்கியிருப்பது பெண் பூ. காலையில் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். பிஞ்சு நிற்கும்.

பொங்கோல்_ரவி:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஒன்று சேர்க்கிறேன். கருவண்டு உருவத்தில் பெரியது, பாகற்பூவுக்கு அதிகம் வராது. பாகலுக்கு வேண்டியது சின்னத் தேனீக்களும் கொசுத்தேனீயும். அக்கா, சங்குப்பூவோடு ஒரு துளசியும் வைத்து, கதிரைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள். அப்புறம், காரிடாரில் நடைபாதை 1.2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். தொட்டித் தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது, டெங்கி கொசு முட்டையிடும்.

மீனா_தோபாயோ:
இருவருக்கும் நன்றி. துளசி வீட்டிலேயே இருக்கிறது, கதிர் விட்டதுமே கிள்ளிக்கொண்டிருந்தேன், இனி விட்டுவிடுகிறேன். பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது. கருவண்டு கொட்டுமா?

கொடிப்பந்தல்_ஈசூன்:
ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டு கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். பக்கத்து வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்க் கரைசலைப் பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள். காலையில் அடித்தால் நாம் கூப்பிட்ட தேனீயையே விரட்டுவதாகிவிடும்.