ஸ்லைடில் இழுத்து வைக்கும் பயிற்சித்தாள்: தொடக்கப் பள்ளிக்குத் தேவையா?

கோரையாறு எழுதியது:
திருத்துறைப்பூண்டி பக்கம் ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. மூன்றாம் வகுப்புக்கு பவர்பாயிண்டில் ஒரு பயிற்சித்தாள் செய்தேன். விதைநெல், நாற்றங்கால், நடவு, களையெடுப்பு, கதிர், அறுப்பு என்று ஆறு படங்கள் கலைந்து கிடக்கும். வரிசைப்படி இழுத்து, எண் போட்ட கட்டங்களில் வைக்க வேண்டும். கட்டங்களை ஸ்லைடு மாஸ்டரில், அதாவது ஸ்லைடுக்குப் பின்னணியாக இருக்கும் தாளில், வைத்துவிட்டதால் அவை நகராது, படங்கள் மட்டும்தான் நகரும். ஸ்லைடு ஷோவில் போட்டால் படமும் நகராது என்று தெரியாமல் முதல் நாள் கால் மணி நேரம் அசடு வழிந்தேன். எடிட் நிலையிலேயே திறந்து கொடுக்க வேண்டும். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். எல்லாத் தொடக்கப் பள்ளியிலும் இதைச் செய்யலாம் என்கிறேன்.

சிலேட்டுக்குச்சி எழுதியது:
சார், லேப்டாப் எத்தனை, பிள்ளைகள் எத்தனை பேர்? அதைச் சொல்லாமல் எல்லாப் பள்ளிக்கும் என்றால் எப்படி?

கோரையாறு எழுதியது:
லேப்டாப் ஒன்றுதான். மூன்றாம் வகுப்பில் 9 பேர்.

சிலேட்டுக்குச்சி எழுதியது:
ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலே 27 நிமிடம் போச்சு. ஒரு பிள்ளை இழுக்கும்போது மற்ற எட்டும் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதே ஆறு படத்தை நகலெடுத்து, அட்டையில் ஒட்டி வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டு 9 கட்டு செய்யுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் தரையில் பரப்பி அடுக்குவார்கள். ஐப்பசி மழையில் கரண்ட் போனாலும் கவலையில்லை. 2022-லிருந்து அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை நடத்துகிறோம். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி நூலே கையில் இருக்கிறது. இதற்கு மேல் ஸ்லைடு எதற்கு?

வெண்ணாற்றங்கரை டீச்சர் எழுதியது:
அந்த மூன்று நிலைக்குத்தான் சார் ஸ்லைடு கை கொடுக்கிறது. ஒரு ஸ்லைடைச் செய்து இரண்டு நகல் எடுத்தால் போதும். அரும்புக்குப் படம் மட்டும், மொட்டுக்குப் படத்தோடு சொல், மலருக்கு வாக்கியம். அட்டையில் இதைச் செய்ய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். ஆனால் கோரையாறு சாருக்கும் ஒன்று சொல்கிறேன். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இந்த வேலை வேண்டவே வேண்டாம். ‘ழ’ போட விரல் சுழிய வேண்டும். மவுஸைப் பிடித்து இழுத்து அது வராது. இன்னொன்று, படத்தின் தலையில் இருக்கும் சின்ன வட்டத்தைப் பிடித்துவிட்டால் நாற்றங்கால் தலைகீழாக நிற்கும். என் வகுப்பில் தினமும் நிற்கிறது!

பொட்டிதட்டி எழுதியது:
எடிட் நிலையில் கொடுத்தால் அப்படித்தான். இழுப்பதை விட்டுவிடுங்கள். படத்துக்கு டிரிகர் அனிமேஷன் வைத்து, சரியானதைத் தொட்டால் கைதட்டல், தவறினால் ‘டொய்ங்’ சத்தம் என்று ஸ்லைடு ஷோவில் ஓட விடலாம். கியோஸ்க் நிலையில் வைத்தால், கண்ட இடத்தில் கிளிக் செய்து அடுத்த ஸ்லைடுக்குத் தாவவும் முடியாது. கூகுள் ஸ்லைட்ஸில் முகவரியின் கடைசியில் ‘எடிட்’ இருக்கும் இடத்தில் ‘காப்பி’ என்று மாற்றி அனுப்பினால், திறக்கும் ஒவ்வொருவருக்கும் தனி நகல் கிடைக்கும்.

சிலேட்டுக்குச்சி எழுதியது:
எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏது தம்பி கூகுள் கணக்கு?

கோரையாறு எழுதியது:
படத்தை நகர்த்த முடியாதபடி ஸ்லைடைப் பூட்டுவதா, வேண்டாமா என்பதற்கு நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பிள்ளை முடித்துவிட்டு எழுந்தது. போய்ப் பார்த்தால் நான்கு படம்தான் இருக்கிறது. நாற்றங்காலையும் நடவையும் அழித்துவிட்டு, விதைநெல்லை ஒன்றிலும் களையெடுப்பை இரண்டிலும் வைத்திருக்கிறது. ஐந்தாம், ஆறாம் கட்டம் காலி. தெரியாமல் டெலிட் பட்டனைத் தட்டியிருக்கும் என்று அழிந்ததை மீட்க கன்ட்ரோல் இசட் அடிக்கப் போனேன். “எங்க வயல்ல நாத்தே விடல சார். அப்பா நேரடியா தெளிச்சிட்டாங்க” என்றது. மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று பார்த்துத்தானே எங்கள் பக்கம் நேரடி விதைப்பு? எனக்கே அது தோன்றவில்லை. பொட்டிதட்டி சொல்கிறபடி செய்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு ‘டொய்ங்’ அடித்திருக்கும்.

சிலேட்டுக்குச்சி எழுதியது:
அட்டையாக இருந்தாலும் அது இரண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருக்கும் சார். பிள்ளை கெட்டி. அதில் ஸ்லைடு எப்படிப் பங்கு கேட்கும்?

கோரையாறு எழுதியது:
மடியில் வைத்ததை நீங்கள் அந்த நேரத்தில் கவனித்திருக்க வேண்டுமே. எனக்கு அந்த ஸ்லைடு அப்படியே சேமித்துக் கிடக்கிறது. மதியம் உட்கார்ந்து 9 பேருடையதையும் பார்த்தேன். பிள்ளைக்கு ஒரு ஃபைல், பெயர் போட்டு வைத்திருக்கிறேன்.

பொட்டிதட்டி எழுதியது:
சரி, டொய்ங்கை வாபஸ் வாங்குகிறேன். வாய்ப்பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வெண்ணாற்றங்கரை டீச்சர் எழுதியது:
சார், கட்டத்தில் எண்ணை எடுத்துவிட்டு, ‘தேவையில்லாதது’ என்று ஓரத்தில் ஒரு கூடை வரைந்து வையுங்கள். அழிக்க வேண்டியிராது.

சிலேட்டுக்குச்சி எழுதியது:
கூடை நல்ல யோசனை, அட்டைக்கும் ஆகும். நான் மாறவில்லை, ஆனால் படங்கள் வேண்டும். ஃபைலைப் போடுங்கள் சார். பாமினியில் அடித்திருந்தால் மட்டும் வேண்டாம். அந்த எழுத்துரு என் கணினியில் இல்லை, எல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரியும்.

கோரையாறு எழுதியது:
யூனிகோடுதான். இன்று மாலை போடுகிறேன். கருப்பு வெள்ளையில் நகலெடுத்தால் நாற்றங்கால் புல் மாதிரி இருக்கும், பச்சை கிரேயான் தீட்டிக்கொள்ளுங்கள்.