மறு: டிஸ்யூஸ்டு லைன் – ஒரே சொல் போதாது

குழுவினருக்கு வணக்கம்.

> டிஸ்யூஸ்டு ரயில்வே லைன் = கைவிடப்பட்ட இருப்புப்பாதை. இதில் பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது, ஐயா. 'டிஸ்யூஸ்டு' என்றால் இப்போது ரயில் ஓடாத பாதை என்றுதான் பொருள். 'கைவிடப்பட்ட' என்று போட்டால், அரசு அதைத் தலைமுழுகிவிட்டது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நாம் தமிழ்ச் சொல் தேடுவதோ, மூடிய பாதைகளைத் திரும்பத் திறக்கப் பணம் ஒதுக்கும் திட்டங்களைப் பற்றி எழுதுவதற்கு. பாதை இப்போது எந்த நிலையில் கிடக்கிறது என்பதுதான் அங்கே முதல் கேள்வி. செலவு எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்தான். அந்த வேறுபாட்டைக் காட்டாத சொல்லை வைத்துக்கொண்டு ஒரு பத்திகூட ஒழுங்காக எழுத முடியாது.

இங்கிலாந்தின் டெவன் பகுதியைப் பாருங்கள். எக்ஸிட்டரிலிருந்து ஓக்ஹாம்ப்டன், டேவிஸ்டாக் வழியாகப் பிளிமத் போன பழைய பாதை ஒன்று உண்டு. 1963-ல் நட்டத்தில் ஓடும் பாதைகளை மூடச் சொன்ன பீச்சிங் அறிக்கை வந்தபின் நாடெங்கும் பாதைகளை மூடினார்கள் அல்லவா, அந்த அலையில் ஓக்ஹாம்ப்டனுக்கு மேற்கே 1968-ல் ரயில் நின்றது. எக்ஸிட்டர்–ஓக்ஹாம்ப்டன் அன்றாடச் சேவை 1972-ல் போனது. ஆனால் அந்தப் பக்கத் தண்டவாளத்தை யாரும் பெயர்க்கவில்லை. பக்கத்து மெல்டன் குவாரியிலிருந்து ரயில் பாதைகளுக்கே ஜல்லி ஏற்றிப்போக அது தேவைப்பட்டது. 2020-ல் மூடிய பாதைகளைத் திறக்க பிரிட்டன் அரசின் 50 கோடி பவுண்டு ரயில் மீட்பு நிதி அறிவிக்கப்பட்டபோது முதலில் பலன் கண்டது இந்தப் பாதைதான். ஒதுக்கியது 4.05 கோடி பவுண்டு. ஒன்பது மாதத்தில் 11 மைலுக்குப் புதுத் தண்டவாளம் போட்டு, பணத்திலும் மிச்சம் பிடித்து, 2021 நவம்பர் 20 அன்று திறந்துவிட்டார்கள்.

இந்த நிலைக்கு நான் வைக்கும் சொல் 'கிடப்புப் பாதை'. தண்டவாளம் இருக்கிறது, சேவை இல்லை. 'கிடப்பில் போடுவது' கோப்புக்குத்தானே, பாதைக்கு எப்படிப் பொருந்தும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதனால்தான் பொருந்துகிறது என்கிறேன். கிடப்பில் போட்டதைத் திரும்ப எடுக்கலாம் என்பதும் அந்த வழக்கிலேயே இருக்கிறது. 'கைவிட்ட'தில் அது இல்லை.

அதே பாதையில் கொஞ்சம் மேற்கே போனால் மெல்டன் இரும்புப் பாலம் இன்னும் நிற்கிறது. தண்டவாளம்தான் இல்லை, சைக்கிள் போகிறது. இதற்கு 'வெறுந்தடம்'. தண்டவாளம், கட்டை எல்லாம் போய்விட்டது, ஆனால் மண்மேடும் பாலமும் தொடர்ச்சி அறாமல் கிடக்கின்றன. இலங்கையின் வடக்குப் பாதையும் இந்த வகையில்தான் வரும். 1990-ல் போரினால் கொழும்பு–யாழ்ப்பாணம் ரயிலான யாழ்தேவி நின்றபின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. தடத்தில் திரும்பப் பாதை போட்டு 2014 அக்டோபரில் யாழ்ப்பாணம் வரை ரயில் விட்டார்கள்.

இன்னும் தள்ளி டேவிஸ்டாக்கில் பழைய தடத்தின்மேலேயே உள்ளாட்சி அலுவலகக் கட்டடம் எழும்பிவிட்டது. தடம் துண்டாகிவிட்டது. 'அறுதடம்' என்று வினைத்தொகையாக முதலில் தோன்றியது. அறுபடை வீட்டை நினைத்து 'ஆறு தடம்' என்று படித்துவிடுவார்கள். ஆகவே 'அறுந்த தடம்' என்றே இருக்கட்டும். இரண்டு எழுத்துக் கூடினாலும் குழப்பம் இல்லை.

அடுத்து, இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று: சேஃப்கார்டிங். ரயில் ஓடாத தடத்தை நில வரைபடத்தில் குறித்துவைத்து, குறுக்கே வீடோ சாலையோ வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. 'தடப் பாதுகாப்பு' வேண்டாம். ரயில்வேயில் பாதுகாப்பு என்றாலே விபத்துத் தடுப்பு. அதற்கென்று பாதுகாப்பு ஆணையரே இருக்கிறார். 'தடக்காப்பு' என்று வைக்கலாம்.

மொத்தப் பட்டியலிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தச் சொல்தான். நிதி வரும், போகும். அந்த 50 கோடித் திட்டத்தையே 2024 ஜூலையில் புதிதாக வந்த அரசு நிறுத்திவிட்டது. வரிசையில் நின்ற ஊர்களுக்குப் பெரிய இடிதான். ஆனாலும் தடம் முழுசாக இருக்கும் ஊர் அடுத்த நிதிக்குக் காத்திருக்கலாம். தடம் அறுந்த ஊருக்கு நிலம் வாங்குவது, கட்டடம் இடிப்பது, வழக்கு என்று செலவு ஏறி, திட்டம் முதல் கட்ட ஆய்விலேயே அடிபட்டுப்போகும். ஸ்காட்லாந்தின் பார்டர்ஸ் பாதை 1969-ல் மூடித் தண்டவாளம் பெயர்த்தது. 30 மைலை மீட்டு 2015-ல் திறக்க 29.4 கோடி பவுண்டு ஆனது. தடத்தைக் காப்பதற்குக் காசு அதிகம் வேண்டாம், வரைபடத்தில் ஒரு கோடும் அதை மதிக்கும் அதிகாரியும் போதும். இதைத் தமிழில் கேட்க மக்களுக்கு ஒரு சொல் வேண்டாமா? 'எங்கள் ஊர்த் தடத்துக்குத் தடக்காப்பு கொடு' என்று மனுவில் எழுத முடிய வேண்டும்.

'ரீஓப்பனிங்'குக்கு 'மீள்திறப்பு' சரி, ஆட்சேபம் இல்லை.

ஈழத்து நண்பர்கள் ஒன்று சொல்லுங்கள்: அங்கே 'புகையிரதப் பாதை' என்பதுதான் வழக்கு என்பதால் 'கிடப்புப் பாதை' காதுக்கு ஒட்டுகிறதா, வேறு சொல் புழக்கத்தில் இருக்கிறதா? இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.