புதுப்பிப்பு: ஃபைபர் மோடத்தின் சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது

சுங்கை சிப்புட் தோட்டத்துப் பக்கம் எங்கள் வீட்டு ஃபைபர் இணைய இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுகிறது, மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று இங்கே கேட்டிருந்தேன். ‘மின்வெட்டில் தெருப்பெட்டி நின்றுபோயிருக்கும்’ என்று சிலர் சொன்னீர்கள். அந்தப் பெட்டியில் இருக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. ஒளியைப் பிரித்துக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. 32 வீட்டுக்குப் பிரித்தால் ஒளி ஐந்து முறை பாதியாகிறது. அதனால் மிச்சமிருப்பதை வீணாக்கவே கூடாது.

பழுது பார்க்க வந்த தம்பி ஒளி அளக்கும் மீட்டரைச் சொருகினார்: மைனஸ் 29 டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அளவு; மைனஸ் எண் கூடக்கூட ஒளி மங்கல்). ஜிபான் என்பது இப்படி ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை; அதன் சாதாரண மோடம் மைனஸ் 27 வரைதான் தாங்கும். அலமாரிக்குப் பின்னால் கேபிள் மடிந்து நசுங்கிக் கிடந்தது. மடிப்பில் ஒளி வெளியே கசிந்துவிடும். மாற்றியதும் மைனஸ் 21. வீட்டுக்குள் இழுக்கும்போது ஜி.657 வகை ஃபைபர் கேளுங்கள், வளைவைத் தாங்கும்.

அப்புறம் ஒரு நல்ல விஷயம். ஜிபானைவிட வேகமான 10 ஜிகாபிட் முறையான எக்ஸ்ஜிஎஸ்-பான் வந்தாலும் இதே ஃபைபர் போதும். வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் ஜிபானில் 1490 நானோமீட்டர், எக்ஸ்ஜிஎஸ்-பானில் 1577. இரண்டும் ஒன்றாகவே ஓடும். இரு முனைக் கருவிகளை மாற்றினால் சரி. ஆனால் நீள அலைக்கு வளைவில் இழப்பு கூடுதல், மடிப்பு இன்னும் உறுத்தும்.

பின் லயத்து வீடுகளுக்கு இன்னும் இணைப்பு இல்லை. அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தோட்ட நிலத்துக்குள் கேபிள் இழுக்க அனுமதி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி என்று எழுதுங்கள்.