டிஜிட்டல் கோப்பிலிருந்து இருட்டறைப் படம்: செய்து பார்த்த மலேசிய உறுப்பினர்களின் அனுபவம்

சுங்கை சிப்புட் உறுப்பினர்:

எங்கள் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) போய் செம்பனை வந்து பல காலம் ஆகிறது. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தையும் இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் டிஜிட்டல் கேமராவில் வீடு வீடாகப் படம் எடுத்து வைத்தேன். அதில் ஒன்று, பாட்டி வாசற்படியில் பால் வெட்டும் கத்தியோடு உட்கார்ந்திருப்பது. கடையில் போட்டு வாங்கிய பிரதியில் கறுப்பு லேசாக ஊதா அடித்தது. அது கலர்த் தாள். கறுப்பு வெள்ளைப் படத்தையும் மூன்று சாயம் சேர்ந்துதான் காட்டும். எனக்கு வேண்டியது வெள்ளி உப்புத் தாளின் கறுப்பு.

செய்முறை சொல்ல எளிது. கோப்பை நெகட்டிவாக மாற்றி, இடம் வலம் திருப்பி, இங்க்ஜெட் பிரிண்டரில் டிரான்ஸ்பரன்சி பிலிமில் அடிக்கிறோம். மை இருக்கும் பக்கம் தாளின் மருந்துப் பக்கத்தில் (வெளிச்சம் பட்டால் மாறும் பூச்சுள்ள பக்கம்) படியும்படி வைத்து, மேலே கனமான கண்ணாடி. நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜர் இங்கே வெறும் விளக்குதான். நெகட்டிவ் எந்த அளவோ படமும் அதே அளவு.

உழைப்பெல்லாம் கர்வில் இருக்கிறது, அதாவது கோப்பின் ஒவ்வொரு சாம்பல் நிறமும் எவ்வளவு அடர்த்தியாக அடிபட வேண்டும் என்று கணினியில் திருத்தும் வளைகோட்டில். கறுப்பிலிருந்து வெள்ளை வரை 21 கட்டங்கள் கொண்ட பட்டையை முதலில் பிலிமில் அடியுங்கள். மையே இல்லாத பகுதி தாளில் முழுக் கறுப்பாக மாற ஆகும் மிகக் குறைந்த நேரம் எதுவோ அதுதான் உங்கள் எக்ஸ்போஷர் (வெளிச்சம் காட்டும் நேரம்). அதைப் பிடித்த பிறகே ஒவ்வொரு கட்டமும் எங்கே விழுகிறது என்று பார்த்து கர்வைத் திருத்த வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அடுத்தவர் கர்வ் நமக்கு உதவாது என்பது என் உறுதியான கருத்து. மை, பிலிம், தாள், டெவலப்பர் (படத்தை எழுப்பும் மருந்து) இவற்றில் ஒன்று மாறினாலும் கணக்கு மாறும். வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்ப மாறும் மல்டிகிரேட் தாளில் இன்னும் கவனம் தேவை: நீல வெளிச்சம் காண்ட்ராஸ்டை (கறுப்பு வெள்ளை வேறுபாட்டை) ஏற்றும், பச்சை இறக்கும். நெகட்டிவில் கலர் மை கலந்தால் அதுவே பில்டராகிவிடும்.

பிறகு நம் ஊர்ச் சூடு. டெவலப்பருக்கு 20 டிகிரி என்று போட்டிருக்கும். நம் குழாய்த் தண்ணீரே அதைவிடச் சூடு. ஐஸ்கட்டியை நேராகப் போட்டால் மருந்து நீர்த்துப்போகும். பிளாஸ்டிக் பையில் கட்டி, டிரேயைச் சுற்றியுள்ள தண்ணீரில் போடுங்கள். புழுக்கத்தில் பிலிம் மை சீக்கிரம் காயாது. ஈரத்தோடு தாளில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

சிவப்பு விளக்கில், முதலில் கதவுக்குப் பின்னாலிருந்த இருட்டு எழுந்தது. பிறகு பாட்டியின் கொண்டை. கடைசியாக வெள்ளைச் சேலையின் மடிப்புகள். கத்தியின் வளைந்த முனையில் மயிரிழை மாதிரி ஒரு வெளிச்சக் கோடு, அதன் கீழே கட்டைவிரல் நகத்தின் வெடிப்பு. திரையில் எத்தனையோ தடவை பார்த்த படம், ஆனால் அந்த நகத்தை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

லூனாஸ் உறுப்பினர்:

அண்ணே, இருட்டறைக்கு வசதி இல்லாதவர்கள் சயனோடைப்பில் தொடங்கலாம். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. பெர்ரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு இரண்டையும் கரைத்துத் தாளில் பூசி, காய்ந்ததும் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். கழுவத் தண்ணீர் போதும். படம் நீலமாக வரும். கடுந்தேநீரில் ஊறவைத்தால் நீலம் கறுத்துவிடும். உங்கள் வெள்ளித் தாள் நெகட்டிவ் இதற்குப் பொருந்தாது, தனிக் கர்வ் போட வேண்டும். நம் வெயிலில் மேகம் வந்து வந்து போவதுதான் தொந்தரவு.

தெலுக் இந்தான் உறுப்பினர்:

தம்பி, நான் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவன். கழுவுவதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. பிளாஸ்டிக் பூச்சுத் தாளுக்குச் சில நிமிடம் போதும். அந்தப் பூச்சில்லாத பைபர் தாள் என்றால் ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரமாவது கிடக்க வேண்டும். படத்தை நிலைநிறுத்தும் மருந்தான ஹைப்போ உள்ளே தங்கினால் படம் நாளடைவில் பழுப்பேறும். பாட்டி படம் எந்தத் தாள்?

சுங்கை சிப்புட் உறுப்பினர்:

பைபர்தான் அண்ணே. ஒரு மணி நேரத்துக்கு மேலேயே கழுவினேன். அடுத்து பெரட்டுக்களத்துப் (காலையில் தொழிலாளர்கள் கூடும் இடம்) படத்துக்கு நெகட்டிவ் அடித்துக் காயவைத்திருக்கிறேன்.